அம்மா அணைக்காத கணினி

அம்மாவின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அவளுடைய சுவரொட்டியைப் பார்த்தேன்.

தென்காசி ரயில் நிலையத்தில் காலையில் இறங்கி, ஆட்டோவில் மேலகரம் போகும் வழி. பழைய பேருந்து நிலையத்துச் சுவரில் வரிசையாக நான்கு ஒட்டியிருந்தார்கள். கண்ணீர் அஞ்சலி. மா. நிர்மலாதேவி. தோற்றம் 14.04.1962. மறைவு 02.07.2024. சாரலில் பசை காயாமல் ஒன்றின் மூலை மடங்கித் தொங்கியது. நான் சென்னையிலிருந்து வந்து சேர்வதற்குள் வடிவமைத்து, அச்சடித்து, ஒட்டியும் முடித்திருந்தார்கள்.

படம் நான் பார்த்திராதது. ஈரத்தலை. கண் சுருங்கச் சிரிக்கிறாள். பின்னணியை நீக்கி நீல நிறம் போட்டிருந்தாலும் எனக்குப் புரிந்தது. அருவியில் குளித்துவிட்டு வந்த முகம் அது. குற்றாலத்துக்கு இத்தனை பக்கத்தில் குடியிருந்தும், "எனக்குச் சேராதுய்யா, சளி பிடிச்சிரும்" என்று என்னுடன் ஒருமுறைகூட அருவிக்கு வராதவள் அம்மா.

அவளுடைய இடது தோளில் நான்கு விரல்கள் இருந்தன. ஒரு விரலில் பச்சைக்கல் மோதிரம். யாரோ தோளில் கை போட்டு நின்ற படத்தை வெட்டியிருக்கிறார்கள். ஆள் போய், கை போய், விரல்கள் மட்டும் தங்கிவிட்டன.

கீழே பெயர்கள். முதலில் மகன் அருண்பாண்டி, அதாவது நான். பிறகு என் மனைவி ஜெயபிரியா. பிறகு மாமா வீட்டார். ஹஸீபா என்ற பெயர் எங்கும் இல்லை. ஆனால் விரல்கள் அவருடையவை என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

ஹஸீபா எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவர். வயது நாற்பத்தெட்டு. கல்யாணத்துக்கு முன் ஒரு ஸ்டூடியோவில் படம் திருத்தும் வேலை பார்த்தவர். பத்து வருடமாக அம்மாவோடு ஒரே கணினியில் வேலை. அவரை அக்கா என்று கூப்பிட எனக்கு வாய் வந்ததில்லை.

அந்தக் கணினியை இணைத்துப் பூட்டியது நான். 2009-ல் படிப்பு முடிந்து சென்னையில் வேலை கிடைத்தது. போவதற்கு முந்தைய வாரம் பாகங்களை வாங்கி வந்து, முன்னறைத் தரையில் பரப்பி, ஒரு நாளில் முடித்தேன். அப்பா மாடக்கண்ணு காவல்துறையில் ஏட்டாக இருந்து, நான் கல்லூரியில் இருந்தபோதே இறந்துவிட்டார். அம்மா நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு பத்திர எழுத்தரிடம் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். வீட்டிலிருந்தே தட்டட்டும் என்பது என் எண்ணம். மனுக்கள், தீர்மானங்கள், பள்ளி வினாத்தாள்கள் வரும் என்று நினைத்தேன்.

வந்தது சாவு. முதலில் தெருவில் ஒருவர் இறந்தபோது சுவரொட்டிக்கு எழுதிக்கொடுத்தாள். எழுத்துப்பிழை இல்லாமல் இருந்தது. அதுவே போதும். இலஞ்சி, பண்பொழி, செங்கோட்டை என்று ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வாசுதேவநல்லூரிலிருந்துகூட வந்தார்கள். அம்மா பெயர்களை வரிசைப்படுத்துவதில் கெட்டிக்காரி. சின்ன மருமகன் பெயர் பெரிய மருமகனுக்கு மேலே ஏறிவிட்டால், பிணம் கிடக்கும்போதே சண்டை வந்துவிடும். எந்த வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். இறந்தவர்கள் பெரும்பாலும் ஒழுங்காக ஒரு படம் எடுத்து வைத்துவிட்டு இறப்பதில்லை. யாருடைய கல்யாணத்திலோ பந்தியில் உட்கார்ந்திருக்கும் படத்தைக் கொண்டுவருவார்கள். ஹஸீபா இலையை நீக்கி, பக்கத்து ஆளை நீக்கி, வெள்ளைச் சட்டையும் போட்டுவிடுவார்.

சாவு வீட்டிலிருந்து வருகிறவர்களைக் காக்க வைக்கக் கூடாது. அது அம்மாவின் தொழில் விதி. பிணத்தைத் தூக்குவதற்கு முன் சுவரொட்டி சுவரில் ஏறியாக வேண்டும்.

நான் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போதே சொல்வாள்: "எய்யா, ஆளு வந்திருக்கு. வைக்கிதேன்."

"யாரும்மா?"

"இலஞ்சில ஒரு பெரியவரு."

அந்தப் பெரியவர் எழுந்து வரமுடியாத நிலையில் இருப்பவர் என்பது எனக்குப் பழகிவிட்டது. அவர் மேல் எனக்குப் பொறாமையாக இருக்கும். என்னோடு பேச அம்மாவுக்கு நான்கு நிமிடம். முன்பின் தெரியாத ஒரு பிணத்துக்கு ஒன்றரை மணி நேரம்.

சென்னையில் நான் சர்வர் பராமரிப்புப் பொறியாளன். ஆயிரத்து எண்ணூறு இயந்திரங்கள். அவற்றில் ஒன்றும் ஒரு நொடிகூட அணைந்துவிடக் கூடாது என்பதற்காக எனக்குச் சம்பளம் தருகிறார்கள். அம்மாவின் ஒற்றை இயந்திரத்தை அணைக்கச் சொல்லிப் பதினைந்து வருடம் சண்டை போட்டேன். தூசி அடையும், இடி விழும், தகவல் பதியும் வட்டு தேயும் என்று காரணம் சொல்வேன். எல்லாம் சரியான காரணங்கள்தான். ஆனால் அது ஓடிக்கொண்டிருக்கும்வரை யாரும் உள்ளே வரலாம், அணைந்துவிட்டால் அம்மா என்னோடு பேசலாம் என்பதே என் கணக்கு.

இரவு எட்டு மணிக்குப் பேசும்போதெல்லாம் கேட்பேன். "அணைச்சிட்டீங்களாம்மா?"

"அணைச்சிட்டேம்யா."

"பின்னால என்ன இரைச்சல்?"

"சாரல்யா."

சாரல் காலமே இல்லாத சித்திரை மாதம் கேட்டாலும் சாரல் என்றுதான் சொன்னாள். நானும் நம்பினேன்.

அவளை எரித்து மூன்றாம் நாள் காலை, ஜெயபிரியாவை மாமா வீட்டில் விட்டுவிட்டு எங்கள் வீட்டு முன்னறைக்குள் போனேன். கணினி ஓடிக்கொண்டிருந்தது. மின்விசிறியில் தூசி கட்டி, பம்புசெட் போல ஒரு சத்தம். சுவர் சுவிட்சின் மேல் அம்மா குறுக்கும் நெடுக்குமாகப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தாள். யாரும் தெரியாமல்கூடத் தட்டிவிடக் கூடாதாம்.

அப்போதே போய் ஒரு அட்டைப்பெட்டி வாங்கி வந்தேன். கணினியை அணைத்து, கட்டி, சென்னைக்கு எடுத்துப்போவது என்று முடிவு. அங்கே எனக்கு அது எதற்கும் உதவாது. ஹஸீபாவிடம் விட்டுவிட்டுப் போகக் கூடாது, அவ்வளவுதான்.

வாசல் கதவு திறந்தது. நான் உள்தாழ்ப்பாள் போடவில்லை. உள்ளிருந்து சாவியால் பூட்டியிருந்தேன். ஹஸீபா தன் சாவியால் திறந்துகொண்டு உள்ளே வந்தார். அந்த வீட்டுக்கு எனக்கென்று ஒரு சாவி கிடையாது. என்னிடம் இருந்தது அம்மாவுடையது. அதைத்தான் மாமாவிடம் கேட்டு வாங்கி வைத்திருந்தேன்.

"நீங்க இங்கனதான் இருக்கியளா தம்பி? மாமா வீட்ல இருப்பியன்னு நெனச்சேன்." அவர் கண் அட்டைப்பெட்டியில் நின்றது. "கட்டப் போறியளா?"

"ஆமா. எடுத்துட்டுப் போறேன்."

"எடுத்துட்டுப் போங்க. ஒங்க கம்ப்யூட்டர்ப் பெட்டி. யாரு வேண்டாம்னா?" முந்தானையால் விசைப்பலகையைத் துடைத்தார். "அணைக்க முன்னால என்ட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. அவ்வளவுதான்."

"ஏன்? உங்ககிட்ட எதுக்குச் சொல்லணும்?"

நான் பிளாஸ்திரியைப் பிய்க்க நகத்தை வைத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். பச்சைக்கல் மோதிரம்.

"வேண்டாம். அதை அணைச்சா தேதி மாறிப்போவும்."

"என்ன தேதி?"

"2009-க்குப் போயிரும். சுவத்துல அணைச்சம்னா திரும்ப எழும்பும்போது 2009 சனவரி ஒண்ணாந்தேதிதான் காட்டும். ஒங்கம்மா ஒங்கள்ட்ட சொல்லலியா?"

எனக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. கணினியின் உள்பலகையில் பொத்தான் அளவுக்கு ஒரு பேட்டரி இருக்கும். மின்சாரம் இல்லாத நேரத்தில் நாளையும் மணியையும் நினைவில் வைத்திருப்பது அதுதான். எட்டு ஒன்பது வருடத்தில் தீர்ந்துவிடும். மாற்ற ஐந்து நிமிடம். என்னிடம் தொலைபேசியில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும்.

"சொல்லல," என்றேன். "உங்ககிட்ட மட்டும் சொன்னாங்களாக்கும்."

"சொல்ல என்ன இருக்கு? நான் பக்கத்துலதான ஒக்காந்திருந்தேன்." சொல்லிவிட்டு அவர் அம்மாவின் நாற்காலியில் உட்காரவில்லை. பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தார். "நயினார் கத தெரியுமா ஒங்களுக்கு?"

தெரியாது.

"டீக்கடைக்குப் பொறத்தால குடியிருந்தாரே, நயினாரு அண்ணாச்சி. 2018-ல, ஆனி மாசம். விடியக்காலம் அவரு மவன் மகாராஜா ஓடியாந்தான். அக்கா பெட்டிய எழுப்புனா. என்னமோ ஒரு பட்டன அமுக்கச் சொல்லி திரையில வந்துச்சு, அமுக்குனா. மறைவுன்னு போட்ட எடத்துல தேதி தானா விழும், அப்படித்தான் அமைச்சு வச்சிருந்தா. அவ பேரு வரிசயப் பாத்தா, நான் மூஞ்சியப் பாத்தேன். தேதிய ஒருத்தரும் பாக்கல. அச்சடிச்சு, தெருப்பூரா ஒட்டியாச்சு. நயினாரு செத்து ஒம்பது வருசம் ஆச்சுன்னு போட்டிருக்கு."

"ஐயோ."

"டீக்கடையில ஒரே சிரிப்பு. 'ஏலே, அப்ப நேத்து சாயங்காலம் நம்மகூட வட தின்னது யாருலே'ன்னு கேக்காங்க. ஒருத்தன், 'கடன் சொல்லிட்டுப் போனது பேயிடே'ங்கான். மகாராஜா கொள்ளிச்சட்டியத் தூக்கப்போறவன், நேரே இங்கன வாரான். 'எங்கய்யாவ ஒம்பது வருசத்துக்கு முந்தியே கொன்னுட்டியளே அத்த, நேத்து வரைக்கும் நான் யாருக்கு மாத்திர வாங்கிக் குடுத்தேன்'னு அழுதான். அக்கா அவன் காலப் பிடிக்கப் போயிட்டா. 'கண்ணு தெரியாம நாந்தான் தப்பா அடிச்சிட்டேன்'னா."

"தப்பு பேட்டரில. அவங்க அடிச்சதுல இல்ல."

"அது எங்களுக்குத் தெரியும்." ஹஸீபா என்னை நேராகப் பார்த்தார். "அதுக்கு மொத நாளுதான் நீங்க போன்ல சத்தம் போட்டிய. பெட்டிய மூடுனா மட்டும் பத்தாது, சுவத்துச் சுவிட்சையும் அணைக்கணும்னு. அக்கா அத ஒரு நோட்டுல எழுதிக்கூட வச்சா. ஒங்க பேச்சக் கேட்டு அவ சுவத்துல அணைச்சது அந்த ஒரு ராத்திரிதான்."

விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நான் பிளாஸ்திரியின் மூலையைத் திரும்ப அழுத்தி ஒட்டினேன்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"மவன் சொல்லிக் கெட்டாள்னு ஊருல ஒரு பேச்சு வரக் கூடாதாம். ஒங்களுக்கும் தெரியக் கூடாதாம், தெரிஞ்சா கஷ்டப்படுவியளாம். அன்னைலருந்து அணைக்கல. கரண்டு போனாலும் நிக்கக் கூடாதுன்னு இன்வெர்ட்டர் வேற போட்டா. ஒங்கள்ட்ட அணைச்சிட்டேம்பா. சத்தத்தக் கேட்டா சாரல்ம்பா. நீங்க தீவாளிக்கு வாரிய பாருங்க, அப்ப மானிட்டர மட்டும் அணைச்சுப்போட்டு டிவிய அலற வைப்பா. நாடகம் பாக்காளாம்."

டிவியின் சத்தத்துக்கும் நான் அம்மாவிடம் எரிந்துவிழுந்திருக்கிறேன்.

"அந்த பேட்டரிய யாராவது மாத்தியிருக்கலாமே. இத்தன வருசம்..."

ஹஸீபாவின் முகம் மாறியது. பதில் வெகுநாளாக அவரிடம் தயாராக இருந்திருக்க வேண்டும்.

"மாத்த விட்டாளா? கிங்ஸ்லி வந்தான், கம்ப்யூட்டர் ரிப்பேர் பாக்கானே, அவன். 'முப்பது ரூவா பேட்டரி அக்கா, தேத்தண்ணி ஆறுததுக்குள்ள போட்டுருவேன்'னு ஸ்குரூ டிரைவரோட குனியுதான். இவ போயி குறுக்க நிக்கா. 'எம்மவன் பூட்டுனது, அவன்தான் தெறக்கணும்.' சரி, தம்பிட்டயே கேளுங்கக்கான்னு நான் சொன்னா, 'லீவுல வந்திருக்கான், வேல வைக்கக் கூடாது'. ஆறு வருசம் தம்பி. நான் தெனமும் இங்கன வந்து, பொணத்துக்கெல்லாம் சட்ட போட்டுவிட்டு, அவளுக்கு மாத்திர எடுத்துக் குடுத்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி... ஒரு ஸ்குரூவத் தொட என்னைய விட்டதில்ல. நாலு ஸ்குரூ! நீங்க வருவிய, மூணு நாளு போன நோண்டிட்டுப் போயிருவிய. ஒங்களுக்கு அது என்னன்னே தெரியாது."

அவர் மூச்சு வாங்கினார். எனக்கு அதுவரை ஒரு விஷயம் தோன்றியதே இல்லை. இந்த அறையில் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தது நான் ஒருவன் மட்டும் இல்லை.

இருந்தும் விட மனம் இல்லை. "படத்துல விரல விட்டுட்டீங்க," என்றேன். "ஊருக்கெல்லாம் சுத்தமா வெட்டுறவங்க."

"விட்டுப்போகல. விட்டேன்."

"ஏன்?"

"பேருதான் போட முடியாது. எந்த வரிசையில போட?" எழுந்து அடுப்படிக்குப் போனார். எந்த டப்பாவில் சர்க்கரை இருக்கிறது என்று தேடாமல் எடுத்தார்.

பேட்டரியை மாற்றுவதற்கு முன் எல்லாவற்றையும் என் மடிக்கணினிக்கு நகல் எடுத்தேன். பழைய வட்டு நின்றால் மறுபடி சுழலும் என்று சொல்ல முடியாது. நகல் எடுக்காமல் எதையும் அணைக்கக் கூடாது என்பது என் தொழில் விதி. ஊர் ஊராகக் கோப்புறைகள். அதற்குள் ஆள் ஆளாக. 'வீடு' என்ற பெயரில் ஒரு கோப்புறை இருந்தது. அதில் என் படங்கள் ஏழு, எல்லாம் நான் அனுப்பியவை. ஐந்தருவியில் எடுத்தவை முப்பத்தொன்று. சுவரொட்டிப் படத்தின் மூலப்பிரதியைத் திறந்தேன். ஹஸீபா கேமராவைப் பார்க்கிறார். அம்மாவின் தலை அவர் பக்கம் சாய்ந்திருக்கிறது. அருவிக்கு வராதவள் முப்பத்தொரு படத்தில் நனைந்திருக்கிறாள். மூடிவிட்டேன்.

பேட்டரி காசி விசுவநாதர் கோயில் பக்கம் ஒரு கடிகாரக் கடையில் கிடைத்தது. அப்படியே ஹஸீபாவின் சாவியைப் போல எனக்கும் ஒன்று வெட்டிக்கொண்டேன். அம்மாவின் சாவியைக் கொடுத்தே வெட்டியிருக்கலாம். அவருடையதை வாங்கிப் போய்த்தான் வெட்டினேன்.

திரும்பி வந்து பிளாஸ்திரியைப் பிய்த்தேன். கணினியை மூடி, சுவர் சுவிட்சை அணைத்தேன். விசிறி இழுத்து இழுத்து நின்றது. வீடு திடீரென்று பெரிதானது போல இருந்தது. அப்போதுதான் வெளியே உண்மையான சாரலின் சத்தம் கேட்டது. விசிறியின் இரைச்சலுக்கும் இதற்கும் எந்த ஒற்றுமையும் இல்லை.

நான்கு ஸ்குரூக்களும் நான் 2009-ல் திருகிய இடத்திலேயே துருவேறி இருந்தன. மூடியைக் கழற்றினேன். தூசியைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தட்டினேன். செத்த பேட்டரியை நெம்பி எடுத்துப் புதியதைப் போட்டேன். நேரம் பார்த்தேன். நான்கு நிமிடம். ஹஸீபா பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தார்.

சுவிட்சைப் போட்டபோது வாசலில் பைக் சத்தம். நடுத்தர வயது ஆள், கைலியோடு வந்திருந்தார். கண் சிவந்திருந்தது.

"பண்பொழிலருந்து வாரேன். அத்தை தவறிட்டாவ. முருகம்மாள். நாலு மணிக்கு எடுக்கணும்." என்னைப் பார்த்தார். "டீச்சரம்மா இல்லியா?" அம்மாவை அப்படியும் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"இல்ல அண்ணாச்சி. ஒக்காருங்க. பெட்டி இப்பத்தான் எழும்புது," என்றார் ஹஸீபா.

எழும்ப நேரமானது. வட்டு முனகியது. திரையில் கறுப்பு. அந்த ஆள் உட்கார்ந்தார், எழுந்தார், கைபேசியைப் பார்த்தார், மறுபடி உட்கார்ந்தார். கையில் வேலை எதுவும் இல்லாததால் அழ ஆரம்பித்தார். "எங்கய்யாவுக்கு இங்கனதான் அடிச்சோம்," என்றார் முகத்தைத் துடைத்துக்கொண்டே. "அப்ப வந்த ஒடனே தட்ட ஆரம்பிச்சிட்டாவ. இப்படி ஒக்காரல." ஹஸீபா ஒரு தாளை எடுத்துப் பெயர்களைக் கேட்டு எழுதினார். மூத்தவர் யார், வெளியூரில் யார், பேசாமல் இருப்பது யார். பதினோரு நிமிடம் ஆனது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை என் வேலையில் நான் பார்த்த எந்தப் பதினோரு நிமிடமும் இவ்வளவு நீளம் இல்லை.

திரை வந்தது. கடைசியாக ஒருமுறை 2009 காட்டியது, தேதியை நான் திருத்தினேன். 05.07.2024. ஹஸீபா அதை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு முக்காலியை இழுக்காமல் அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்து தட்டத் தொடங்கினார். எனக்கு அப்போதும் வயிறு எரிந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், எரிந்தது.

அந்த ஆள் போனபிறகு அட்டைப்பெட்டியை மடித்துப் பரண்மேல் போட்டேன்.

"எடுத்துட்டுப் போகலியா?" என்றார்.

"இங்கயே இருக்கட்டும். தேதி இனிமே மாறாது. வேல முடிஞ்சதும் அணைச்சிடுங்க. சுவத்துலயும் அணைக்கலாம். விசிறி பழசு, ராத்திரியெல்லாம் ஓட வேண்டாம்."

"சரி தம்பி. அணைச்சிருதேன்."

சென்னைக்கு வந்து இரண்டு வாரம் கழித்து, இரவு எட்டு மணிக்குக் கை பழக்கத்தில் கைபேசியை எடுத்தது. அம்மாவின் எண்ணுக்குப் போட முடியாது. ஹஸீபாவின் எண்ணுக்குப் போட்டேன். சாப்பிட்டீர்களா என்று கேட்டார். நானும் கேட்டேன். இன்று இரண்டு பேர் வந்ததாகச் சொன்னார், ஒன்று வாசுதேவநல்லூர்.

"அணைச்சிட்டீங்களா?"

"அப்பமே அணைச்சாச்சு தம்பி."

அவர் குரலுக்குப் பின்னால் சீரான ஒரு இரைச்சல் கேட்டது. நான்கு ஸ்குரூக்களையும் நான்தான் மாட்டினேன், அந்த விசிறியை இனி எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும்.

"சாரலா அக்கா?" என்றேன்.

"ஆமா," என்றார். "நல்ல சாரல்."